லைனும் லயமும்

ஆங்கில அகராதி தொகுத்தோரை மிகவும் வருத்தியவை கிரேக்கத்திலிருந்து வந்த நெடுஞ்சொற்கள் என நம்மிற் பலர் எண்ணுவர். உண்மை வேறு. நாள்தோறும் நாவிற் புரளும் ஓரசைச் சொற்களே அவர்களை அலைக்கழித்தன. ஒக்ஸ்போட் பேரகராதியின் 1989 ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட இடத்தைப் பிடித்துக்கொண்ட சொல் ‘செற்’ என்பதாகும். ‘லைன்’ என்னும் சொல் அத்துணை நீளமான குடியிருப்பை அகராதியிற் பெறவில்லையாயினும், அவ்வினத்தைச் சேர்ந்ததே. அதனை ஈண்டு ஆராயப் புகுந்ததற்குக் காரணம் புலமை விருப்பன்று. என் கையாற் போட்ட ஒரு சிவப்புக் கோடு.

ஹற்றனை அடுத்த பாடசாலையொன்றில் ஆறாம் வகுப்பிற்கு ஆங்கிலம் கற்பித்துவந்த காலத்தில், பத்துச் சொற்களைக் கொடுத்து, அவற்றின் தமிழ்ப்பொருளை எழுதிப் படமும் வரைக எனப் பணித்தேன். அவற்றுள் ‘லைன்’ ஒன்று. ஏனைய பிள்ளைகள் ‘கோடு’ என எழுதி, அடிமட்டத்தால் ஒரு கோடு இழுத்து வேலையை முடித்துக்கொண்டனர். ஒரு சிறுமி மட்டும் ‘லயம்’ என எழுதியிருந்தாள். நீண்ட தகரக் கூரை, அதன்கீழ் எட்டுக் கதவுகள், ஒரு கதவின் முன்னே கொடிக்கயிற்றிற் காயும் துணிகள், கூரைக்கு மேலே மின்கம்பி. இவ்வளவும் படத்தில் இருந்தன. நான் அதனைச் சிவப்பு மையால் அடித்து, அருகே ‘கோடு’ எனத் திருத்தினேன். அவள் மறுமொழி கூறவில்லை. மலையகத்துப் பிள்ளைகள் ஆசிரியரோடு வாதாடுவது அரிது. பல நாட் கழித்தே அப்படத்தை மீண்டும் நினைத்துப் பார்த்தேன். துணி காயும் கயிறும் ஆங்கிலத்தில் லைனே, மின்கம்பியும் லைனே, வரிசையாக நின்ற வீடுகளும் லைனே. என் திருத்தத்தில் ஒரு பொருள் இருந்தது. அவள் படத்தில் மூன்று இருந்தன.

இச்சொல்லின் பிறப்பு நூலிலிருந்து தொடங்குகிறது. இங்கே நூல் என்றது ஏட்டையன்று, இழையை. இலத்தீன் மொழியில் ‘லீனும்’ என்பது ஆளிச் செடியைக் குறிக்கும். அதன் நாரினால் திரித்த இழை ‘லீனியா’. நார்த்துணியாகிய ‘லினன்’ என்பதும் அச்செடியின் வழி வந்ததே. சட்டைக்கு உட்துணி வைத்துத் தைத்தலை ஆங்கிலத்தில் ‘லைனிங்’ என்பதும், அவ்வுட்துணி முன்னர் நார்த்துணியாக இருந்தமை பற்றியே. இழையை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும், ஆதலால் நேர்கோடு. கோட்டின்வழி பொருள்களை வைத்தால் வரிசை. வரிசையாக எழுதினால் செய்யுளின் அடி. தந்தைக்குப் பின் மகன் என வந்தால் குலவழி. படைவீரர் நின்றால் போர்முனை. மாலுமிக்குப் பூமத்திய ரேகை. மீன் பிடிப்போனுக்குத் தூண்டிற் கயிறு. இவ்வளவும் ஓர் இழையிலிருந்து பிரிந்த இழைகளே.

நம்மொழி இச்சொல்லுக்கு ஈடாக ஒரு சொல்லை வைத்துக்கொள்ளவில்லை. கோடு, வரி, அடி, நிரை, நிரல், வரிசை, வழி, கொடி எனப் பலவற்றை இடமறிந்து வழங்குகிறது. இதனாலே தமிழ் வறியது என்றோ ஆங்கிலம் வறியது என்றோ முடிவு கட்டுதல் பேதைமையாகும். நம்முடைய ‘வரி’ என்னும் சொல்லையே நோக்குக: எழுத்தின் வரி, புலியின் உடல் வரி, அரசிறை, சிலப்பதிகாரத்துக் கானல்வரியிற் காணும் இசைப்பாட்டு ஆகிய இவற்றையெல்லாம் ஒரு சொல் சுமக்கிறது. ‘அடி’ என்பதோ மாணவரை மேலும் மயக்கும். ஆங்கில யாப்பில் ‘பாதம்’ எனப்படுவது நமது சீருக்கு ஒப்பானது; தமிழ் யாப்பில் அடி என்பது அவர்களுடைய லைனுக்கு ஒப்பானது. இரு மொழியினரும் காலாலேயே கவிதையை அளந்தனர். ஆயினும் அளவுகோல் வேறு.

இனி, இச்சொல் மலைநாட்டிற்கு வந்த வரலாற்றிற்கு வருவோம். பிரித்தானியப் படை வழக்கில் சிப்பாய்களின் கூடாரங்களும் குடிசைகளும் வரிசை வரிசையாக அமைந்த இடத்தை ‘லைன்ஸ்’ என்பர். தில்லி, கான்பூர் முதலிய வட இந்திய நகரங்களில் வெள்ளை அதிகாரிகள் வாழ்ந்த பகுதி ‘சிவில் லைன்ஸ்’ எனப் பெயர் பெற்றதும் இதனோடு இணைத்து எண்ணத்தக்கது. இலங்கையிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்த 1820களிலும் அதனை அடுத்தும், தோட்டம் திறந்தவர்களுட் பலர் படை அதிகாரிகளும் அரசாங்க உத்தியோகத்தருமாக இருந்தனர்; தேசாதிபதி எட்வேட் பாண்சுமே கண்ணொறுவையிற் கோப்பி பயிரிட்டவர். படையிடத்துச் சொல் தோட்டத்திற்கு இடம் பெயர்ந்ததில் வியப்பில்லை. பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களிலும் ஒப்பந்தக் கூலிகள் வாழ்ந்த தொடர்மனைகளுக்கு ‘கூலி லைன்ஸ்’ என்பதே பெயர்.

ஆனால், துரைமாருடைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு வேறொரு வேலையும் இருந்தது. காடு வெட்டிய பின்னர்க் கன்று நடுமுன், கயிறு பிடித்து, முளை அறைந்து, குழி வெட்டவேண்டிய இடங்களைக் குறிக்கும் வேலைக்கு ‘லைனிங்’ என்று பெயர். அதன்பின் வருவது குழி வெட்டல். தேயிலைச் செடியையும் லைனில் நிறுத்தினர். அதனைக் கிள்ளுவாரையும் லைனில் இருத்தினர். இரண்டிற்கும் ஒரே சொல் வழங்கியது அவர்களுக்குக் கருத்து வேறுபாடின்மையாலா, சொற்பஞ்சத்தாலா என்பதை வாசகர் முடிவு செய்க. எவ்வாறாயினும் அச்சொல் குன்றின் மேலிருந்த பங்களாவிலிருந்து கீழே நோக்கியவன் கண்ட வடிவத்தின் பெயர் என்பது வெளிப்படை. அவனுக்குத் தெரிந்தது நீளம். யூக்கிளிட்டு என்னும் கிரேக்க அறிஞர் கோட்டிற்கு இலக்கணம் கூறுங்கால் அகலமற்ற நீளம் என்றார். அகலமே இல்லாத ஒன்றிற்கு உட்புறம் ஏது? பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பழைய லயத்தறையின் வழக்கமான அளவு. நடுச்சுவரின் இருபக்கமும் முதுகோடு முதுகு ஒட்டியவாறு அமைத்த இரட்டை லயங்களும் உண்டு. அவற்றிற்குப் பின்கதவு என ஒன்று இல்லை.

அச்சொல்லைத் தொழிலாளர் செவியாற் கேட்டனர், எழுத்தால் அறியவில்லை. கேட்ட சொல்லை அவர்கள் என் செய்தனர் என்பதே இக்கட்டுரையின் உயிரான பகுதி.

‘லைன்’ என்பதில் உள்ள ஐகாரத்தை அய் எனப் பிரித்து ஒலிப்பது தமிழ்நாவிற்கு இயல்பு. ஐகாரத்திற்கு அய் போலியாக வரும் என்பதை இலக்கணம் கற்ற மாணவர் அறிவர். லய்ன் என்பது ஈற்றில் மெய்யிரண்டு மயங்கி நிற்பதால், இடையில் அகரம் புகுந்து லயன் ஆயிற்று. இதுவரை வியப்பில்லை. அடுத்து நிகழ்ந்ததே நோக்கத்தக்கது: லயன் என்பது லயம் ஆயிற்று. அறம் அறன் எனவும், நலம் நலன் எனவும் மகரம் னகரமாதலை நன்னூலார் கடைப்போலி என்பர். இங்கே னகரம் மகரமாயிற்று. வந்த வழியே திரும்பிச் சென்றாற் போன்றது. இல்லம், கூடம், மாடம், மடம், மண்டபம் என இருப்பிடப் பெயர்கள் பலவும் மகர ஈற்றனவாக இருத்தல் அவர்களை அறியாமலே அத்திசையில் ஈர்த்தது போலும்.

மகர ஈறு பெற்றமையால் அச்சொல்லுக்கு ஓர் உரிமை கிடைத்தது. மரம் என்பது வேற்றுமை ஏற்குங்கால் மரத்தில், மரத்தை, மரத்துக்கு என அத்துச்சாரியை பெறும். அதுபோலவே லயத்தில், லயத்தை, லயத்துக்கு, லயத்துப் பிள்ளைகள், லயத்து வாசல். தோட்டத்தில் வழங்கும் பிற ஆங்கிலச் சொற்களை இதனோடு வைத்துப் பாருங்கள். ஆபீஸ் ஆபீசிலேயே நிற்கிறது. ஸ்டோர் ஸ்டோரிலேயே நிற்கிறது. ‘டிவிசன்’ என்பதும் னகர ஈறுடையதே. அது டிவிசம் ஆகவில்லை. அதற்கு மக்கள் ‘கணக்கு’ என வேறு பெயர் வைத்து, மேற்கணக்கு, பணியக்கணக்கு எனப் பிரித்து வழங்கினர். வந்த ஆங்கிலச் சொற்களுள் சாரியை கொடுத்து வீட்டிற்குள் அழைக்கப்பட்டது லயம் ஒன்றே எனலாம். இதனைச் செய்தோர் நன்னூல் படித்தவரல்லர். பலர் கையெழுத்திடவும் அறியாதவர். மொழியின் இலக்கணம் ஏட்டில் இல்லை, நாவில் இருக்கிறது என ஆசிரியர்களாகிய நாம் வகுப்பிற் கூறிவருகிறோம். அதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

அதே ஆங்கிலச் சொல் பின்னர் இரண்டாம் முறையும் மலையேறி வந்தது. கொழும்பிலிருந்து வந்த றெயில்பாதை 1884 இல் ஹற்றனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. அப்பாதை ‘லைன்’ ஆயிற்று. றெயில் லைன், மெயின் லைன், பின்னர்த் தொலைபேசி லைன், கரண்ட் லைன், லைன்மேன். இவை லைனாகவே நின்றன. ‘றெயில் லைனிலே நடக்காதே’ என்று தாய் மகனைக் கடிவாளேயன்றி, ‘றெயில் லயத்திலே’ என ஒருபோதும் சொல்லமாட்டாள். ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள் இருவர் வெவ்வேறு காலத்தில் வந்து ஒருவரையொருவர் அறியாமல் வாழ்வது போல, லைனும் லயமும் ஒரே வாயில் வாழ்கின்றன. 2020 ஆம் ஆண்டு நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டு, தொலைபேசி வழியாகப் பாடம் நடந்த காலத்தில், மாணவன் ஒருவன் என்னிடம், “சேர், லயத்துல லைன் கெடைக்கல, மலைக்கு ஏறித்தான் பாத்தேன்” என்றான். அவ்வாக்கியத்தில் ஒரே சொல் இருமுறை வந்தது என்பதை அவன் அறியான். (இளைஞர் பேச்சில் இச்சொல் காதல் நாட்டத்தையும் குறிக்க வழங்குவதை அறிவேன். அதனை ஈண்டு விரித்தல் ஓர் ஆசிரியனுக்கு அழகன்று.)

இவ்விடத்தில் ஒரு வினா எழும். வரிசையைக் குறிக்கத் தமிழ்ச்சொல் அவர்களிடம் இல்லையா? இருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள், தமக்கு ஒதுக்கப்பட்ட தேயிலை வரிசையை இன்றும் ‘நிரை’ என்றே வழங்குகின்றனர். பேச்சில் அது ‘நெரை’. கணக்கப்பிள்ளையோ கங்காணியோ காலையில் நிரை போட்டுக் கொடுப்பார். அவரவர் தம் நிரையிற் செல்ல வேண்டும். ஆநிரை என்றும், நிரையசை என்றும் நாம் நூலிற் படித்துத் தேர்வெழுதும் பழஞ்சொல் அது. துரை லைன் என்று சொன்ன அந்தச் செடிவரிசையை அவர்கள் நிரை என்றனர். அதே துரை லைன் என்று சொன்ன வீட்டுவரிசையை நிரை என்னவில்லை, தெரு என்னவில்லை, ஊர் என்னவும் இல்லை. வயலிலும் கொல்லையிலும் வரிசை பிடித்து வேலை செய்த பழக்கம் அவர்களோடு கப்பலேறி வந்தது. ஆதலின் சொல்லும் வந்தது. பிறன் கட்டி, பிறன் எண்ணிட்டு, வேலை நின்றால் வெளியேற்றக்கூடிய ஒரு கூரையின்கீழ் வாழும் பழக்கம் அவர்கள் விட்டுவந்த ஊரில் இருக்கவில்லை. அதற்குத் தெரு என்னும் பெயரை அவர்கள் தர மறுத்தனர் என்றே நான் கொள்கிறேன். பொருள் அயலது, ஆகவே பெயரும் அயலதாகட்டும் என விட்டனர். பின்னர் அதிற் பிறந்து, மணந்து, இறந்து, அதனைத் தமதாக்கிக்கொண்டபோது பெயரையும் தமதாக்கிக்கொண்டனர்.

அக்குடியிருப்பின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்கள் இதனினும் வேடிக்கையானவை. அறைக்குக் ‘காம்பிரா’ என்பது பெயர். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். முன்திண்ணைக்கு ‘இஸ்தோப்பு’ என்பது பெயர். ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. முழுமைக்கு லயம், ஆங்கிலேயர் தந்தது. இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பிய இனத்தாரும் பத்தடி அகலத்திற்குள் அடுத்தடுத்து நிற்கின்றனர்! அவர்களுக்கு நடுவே அடுப்பும், அதற்கு மேற்பட்ட புகையும் தமிழாகவே இருந்தன. வாசலுக்கு வெளியே தண்ணீர் விழும் குழாய் ‘பீலி’, அதுவும் தமிழே.

இனி, இச்சொல்லைப் பற்றி நிலவும் சில பிழைக்கருத்துகளை எடுத்துக்கொள்வோம். லயம் என்னும் வடசொல் ஒன்று நம்மிடம் முன்பே உண்டு. தாளத்தோடு இசைதலையும், ஒன்றில் ஒன்று ஒடுங்குதலையும் அது குறிக்கும். லகரம் மொழிமுதல் வாராது என்பதால் முன்னோர் இலயம் என எழுதினர். இவ்விரு சொற்களும் ஒலியால் ஒன்றிப்போனமையால், தோட்டத்து லயம் ஆலயம் என்பதன் குறுக்கமே எனவும், பலர் கூடி ஒடுங்கும் இடமாதலின் அப்பெயர் பெற்றது எனவும் மேடைகளில் விளக்குவோர் உளர். விழா மலரொன்றில் ஒருவர் அதனை ‘இலயம்’ என்று இலக்கணப்படி எழுதியதையும் கண்டிருக்கிறேன். பாராட்டும் நோக்குடன் சொல்லப்பட்டாலும் இது உண்மையன்று, அன்றியும் தீங்கானது. மழையொழுகும் காம்பிராவுக்குக் கோயிலின் பெயரைச் சூட்டினால், ஒழுகும் கூரை பற்றிப் பேசுதல் நிந்தையாகிவிடும். வேறு சிலர் குதிரை லாயத்தோடு இணைத்துப் பேசுவர். இது சினத்திற் பிறந்த சிலேடை. அதன் நியாயம் விளங்குகிறது. எனினும் சிலேடை வேறு, சொற்பிறப்பு வேறு. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும், மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலும் தமிழர் குடியிருப்பு லயமே. கடலால் பிரிந்த இடங்களிலெல்லாம் ஆங்கிலத் தோட்டத்துரையும் தமிழ்த் தொழிலாளரும் எதிர்ப்பட்ட இடத்தே அதே சொல் விளைந்துள்ளமை, அதன் பிறப்பு லைனே என்பதை நிறுவப் போதுமானது.

இலக்கியத்தில் இச்சொல்லின் நிலை யாது? மலையகத்திலிருந்து எழுந்த முதன்மையான எழுத்தாளருள் ஒருவரான சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தம் புகழ்பெற்ற நெடும்பாடலை 1954 இல் ஆங்கிலத்திலேயே வெளியிட்டார். தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக 1947 இல் தெரிவானவர் அவர். அப்பாடலைப் பின்னர் சக்தீ அ. பாலையா ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கினார். தம் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் மலையகத்தவர் எவருக்கும் இச்சொல் ஓர் இடர். லைன் என்று எழுதினால் மக்கள் அதற்குள் வைத்த பொருள் உதிர்ந்து, துரை வைத்த கோடு மட்டும் எஞ்சும். லயம் என ஆங்கில எழுத்தில் எழுதினாலோ அயலார் இசைக்கச்சேரியை நினைப்பர். அதனை மீண்டும் தமிழாக்குவோன் நிலை எளிது. அவன் இழந்ததை மீட்டுக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பினால் ஒரு நூல் தாய்வீட்டுக்குத் திரும்புவது உலகில் அடிக்கடி நிகழ்வதன்று. எதிர்த்திசையில் நிகழும் இழப்பிற்குக் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ என்னும் நாவல் (1964) சான்று. ஆங்கிலத்தில் அது ‘மிராஜ்’, அஃதாவது கானல், ஆயிற்று. பொருள் பொருந்துகிறது, பச்சை வற்றிவிட்டது.

தெளிவத்தை ஜோசப் (1934–2022) எழுதிய ‘மீன்கள்’ என்னும் சிறுகதையை, இச்சொல்லின் முழுக் கனத்தையும் தாங்கிய ஆக்கமாக நான் மதிக்கிறேன். வளர்ந்த பிள்ளைகளும் தாய்தந்தையரும் ஒரே காம்பிராவில் இருட்டில் உறங்க நேர்வதன் அவலம் அதன் கரு. அக்கதையில் தீயவன் என ஒருவனைச் சுட்டி நாம் ஆறுதல் அடைய முடியாது. இடத்தின் அளவே ஊழாக நின்று வருத்துகிறது. அதனை வாசிக்கும் யாழ்ப்பாணத்து மாணவனுக்கோ தமிழகத்து மாணவனுக்கோ காம்பிரா என்பதை ‘அறை’ எனவும், லயம் என்பதைத் ‘தொடர் குடியிருப்பு’ எனவும் விளக்கிவிட்டால் கதை விளங்காது. விளங்கியது போன்ற மயக்கமே உண்டாகும். அறை என்றால் வீட்டில் வேறு அறைகளும் உண்டு என்று அவன் மனம் கொள்ளும். இங்கே வேறு அறை இல்லை. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்னும் கதையை நிரை என்னும் சொல் அறியாதவன் எவ்வாறு படிப்பான்? ஒருத்தி பறித்த கொழுந்தின் நிறையைப் பற்றிய ஐயம் கதையாக விரியும்போது, அவள் நின்ற நிரையும் சான்றாளியாக நிற்கிறது.

இதற்கு மறுதலையாகவும் ஒன்று சொல்லவேண்டும். லயம், காம்பிரா, பீலி, கொழுந்துக் கூடை என நான்கு சொற்களைத் தூவிவிட்டால் மலையகக் கதை ஆகிவிடும் என எண்ணுவோர் நம்மிடையே பெருகியுள்ளனர். மாணவர் போட்டிக் கதைகளை மதிப்பிடும்போது இக்குறையை ஆண்டுதோறும் காண்கிறேன். இவற்றில் லயம் என்பது கண்ணீருக்கு முன்னறிவிப்பாக மட்டும் வருகிறது. லயத்து வாசலிற் காமன்கூத்து ஆடுவர். மாலையில் இஸ்தோப்பில் அமர்ந்து பேன் பார்த்துக்கொண்டே ஊர்வம்பு பேசுவர். ஒரு வீட்டில் இறப்பு நிகழ்ந்தால் அந்த லயத்தில் வேறு அடுப்பு எரிவதில்லை. சொல்லுக்குள் இவையும் அடங்கியுள்ளன. துரையைப் போலவே, மேலிருந்து நோக்கும் எழுத்தாளனுக்கும் நீளம் மட்டுமே தெரிகிறது.

பாடசாலையில் இச்சொல் படும் பாடு தனியானது. ‘எங்கள் வீடு’ என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் பாடநூலில் உள்ள வீட்டையே வருணிப்பர்: முற்றம், வேலி, மாமரம், கிணறு. ஒரு பிள்ளை துணிந்து லயம் என எழுதினால், அது கொச்சை எனவும் ஆங்கிலத் திரிபு எனவும் அடிக்கப்படும். நானும் அவ்வாறு அடித்தவனே. ‘இல்லம்’ என்று மேலே எழுதியும் கொடுத்திருக்கிறேன். ஆனால், அலமாரி, சன்னல், சாவி என்னும் போர்த்துக்கேயச் சொற்களை அதே கட்டுரையில் நாம் அடிப்பதில்லை. அவை கற்றோர் வீட்டினுள் இருக்கும் பொருள்களின் பெயர்கள், ஆகவே மன்னிக்கப்பட்டன. லயம் கல்லாதார் வாயிற் பிறந்தது என்பதைத் தவிர அதன்மேற் சாட்டக்கூடிய குற்றம் எதுவும் இல்லை. அச்சொல்லை அடிக்கும்போது பிள்ளையின் முகவரியையும் அடித்துவிடுகிறோம். தோட்டத்திற் பல குடும்பங்களுக்குத் தனி முகவரி இல்லாமை இன்னமும் தீராத குறை. கடிதம் தோட்ட அலுவலகத்திற்கு வந்து, கைமாறியே வீடு சேருகிறது. மேட்டு லயம், பணிய லயம், பத்துக் காம்பிரா லயம் என மக்கள் வழங்கும் பெயர்களே அங்கே தெருப்பெயர்களாகத் தொழிற்படுகின்றன.

இக்கருத்தை ஆசிரியர் நண்பர் ஒருவரிடம் கூறியபோது அவர் ஒரு தடை எழுப்பினார். லயம் ஒழியவேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கையில், லயம் என்னும் சொல்லைப் போற்றுதல் முறையோ என்றார். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் மூழ்கின. 2020 ஓகஸ்டில் மூணாற்றுப் பெட்டிமுடியிலும் அதுவே நிகழ்ந்து எழுபதுபேர் மாண்டனர். இவற்றை நினைத்தே அவர் வினவினார். தடை நேர்மையானது, நான் உடனே விடை கூறவில்லை. பொருள் ஒழிக்கப்படவேண்டியதாயினும், அதிற் பிறந்து வளர்ந்தோர் வாய்ச்சொல் ஒழிக்கப்படவேண்டியதன்று என்பதே என் எண்ணம். சொல்லை முதலில் ஒழித்துவிட்டுப் பொருளை அப்படியே விட்டுவைப்பது எளிதான வழி. அறிக்கைகள் பலவற்றில் அதுவே நிகழ்கிறது. ‘தோட்டக் குடியிருப்பு’ என எழுதிவிட்டால் கூரை ஒழுகாமல் நின்றுவிடுமா?

2015 இன் பின்னர், மலைநாட்டுப் புதிய கிராமங்களுக்கென அமைச்சு ஒன்று இயங்கிய காலத்தில், குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலமளித்துத் தனித்தனி வீடுகள் பல இடங்களிற் கட்டப்பட்டன. இந்திய அரசின் உதவியுடன் எழுந்தனவும் அவற்றுள் உண்டு. பெயர்ப்பலகைகளில் தலைவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அத்தகைய இடமொன்றுக்குச் சென்ற ஆண்டு மாணவியொருத்தியின் பெற்றோரைக் காணச் சென்றேன். வீடுகள் ஒன்றையொன்று தொடவில்லை. சரிவின் வளைவிற்கேற்ப அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. யூக்கிளிட்டு வந்தாலும் அவற்றினூடே ஒரு கோடு இழுத்தல் இயலாது. பாதையில் எதிர்ப்பட்ட சிறுவனிடம் அவர்கள் இருக்குமிடம் எது என வினவினேன். பலகையில் இருந்த பெயரை அவன் சொல்லவில்லை. “புது லயத்துக்குத்தானே சேர்? மேல போங்க” என்று கையைக் காட்டினான்.